தானாக வாசிக்கும் பியானோ: இன்று புதிதாகக் கட்ட முடியுமா, எவ்வளவு ஆகும்?

பியானோவின் ஒரு கட்டையை இயந்திரத்தைக் கொண்டு அழுத்த வைப்பது ஒரு மாலைப்பொழுது வேலை. ஒரு சொலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை நகர்த்தும் கம்பிச்சுருள்), ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பவர் சப்ளை இருந்தால் போதும். கட்டை இறங்கும், சுத்தியல் எழும், தந்தி ஒலிக்கும், வீட்டிலிருப்பவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை நம்பி, கட்டைக்கு ஒன்றாக 88 சொலினாய்டுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பலமாகத் தட்டுவது மலிவு. மெல்லத் தட்டுவதும், அதே மென்மையை ஐந்தாவது பாட்டிலும் மாறாமல் தருவதும், இயந்திரத்தின் சத்தம் இசைக்கு மேலே கேட்காமல் பார்த்துக்கொள்வதும்தான் பணத்தையும் மாதங்களையும் விழுங்கும்.

மரவேலை அல்லது மின்னணு, இரண்டில் ஒன்றிலாவது கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டும் தெரியாதவர்களும் படிக்கலாம். எங்கே ஆளை அழைக்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

முதலில், அந்தக் காலத்து இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

எட்வின் வோட்டி என்ற அமெரிக்கர் 1895-இல் டெட்ராய்ட்டில் செய்து பார்த்த முதல் பியானோலா, அதாவது பியானோவைத் தானாக வாசிக்கும் இயந்திரம், பியானோவுக்குள் இருக்கவில்லை. அது தனி அலமாரி. பியானோவின் முன்னால் தள்ளி நிறுத்தினால், அதன் மரவிரல்கள் கட்டைகளின் மேல் வந்து உட்காரும். ஒருவர் அலமாரியின் முன் அமர்ந்து பெடலை மிதிப்பார். ஏயோலியன் நிறுவனம் அதை 250 டாலருக்கு விற்றது. அன்றைய அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் அரை ஆண்டுச் சம்பளத்துக்கும் மேலான தொகை அது. சில ஆண்டுகளில் இயந்திரம் முழுவதும் பியானோவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

உள்ளே நடப்பதெல்லாம் காற்று வேலை. நம் ஹார்மோனியத்தின் துருத்தி காற்றை வெளியே தள்ளுகிறது. பியானோலாவின் துருத்தி காற்றை உறிஞ்சுகிறது. பாட்டு, சுரத்துக்கு ஒரு துளையாகக் காகித உருளில் வெட்டப்பட்டிருக்கும். உருள் ஓடும்போது அதன் துளை பித்தளைப் பட்டையின் துளைக்கு மேல் வந்தால், வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே உள்ளே நுழைகிறது. குழாயின் மறுமுனையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய தோல் வட்டம் இருக்கிறது. அது உப்பி, தன் மேலிருக்கும் வால்வைத் தூக்குகிறது. வால்வு நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த நகர்வு போதும்: சிறு துருத்தி ஒன்று உறிஞ்சுவிசையோடு இணைக்கப்பட்டு, சுருங்கி, சுத்தியலின் பொறியைத் தள்ளிவிடுகிறது. துளை கடந்துபோனதும், குழாயில் தங்கிய காற்று ஊசிமுனை அளவுள்ள ஒரு கசிவுத் துளை வழியாக வெளியேற, தோல் பழைய நிலைக்கு வருகிறது. இந்தக் கசிவுத் துளையில் தூசி அடைத்தால் அந்தச் சுரம் நிற்காமல் ஒட்டிக்கொள்ளும். பழைய பியானோலா வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்களில் பாதி இந்த ஒரு துளையைப் பற்றியதுதான்.

1908-இல் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி, உருளின் அகலம் 11¼ அங்குலம், 88 சுர உருளுக்கு அங்குலத்துக்கு 9 துளைகள் என்று முடிவுசெய்தார்கள். எந்தக் கம்பெனியின் உருளும் எந்தக் கம்பெனியின் பியானோவிலும் ஓடும் நிலை அதன்பிறகுதான் வந்தது. இந்தத் தரநிர்ணயத்தின் பலன் இன்றும் நமக்குக் கிடைக்கிறது: நூறு வருட உருளை இன்று புதிதாகச் செய்த பட்டையிலும் ஓட்டலாம்.

1923 வாக்கில் அமெரிக்காவில் விற்ற பியானோக்களில் பாதிக்கு மேல் தானாக வாசிப்பவை. பத்தே ஆண்டுகளில் சந்தை இல்லாமல் போனது. வானொலி வந்தது, 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தது, 1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. 1950-களுக்குப் பிறகு சிறிய அளவில் மறுபடி செய்தார்கள். ஏயோலியன் பெயர் தாங்கிய கடைசி அமெரிக்கத் தொழிற்சாலையும் 1985-இல் மூடப்பட்டது. ஆக, காற்று முறையில் இன்று பெரிய அளவில் எவரும் புதிதாகச் செய்வதில்லை. காரணம் தொழில்நுட்பம் மறந்துபோனதல்ல. உதிரிபாகம் ஒவ்வொன்றையும் 88-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரிந்துவிடும்.

எந்த வழி உங்களுக்கு?

நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, கடையில் வாங்குவது. யமஹாவின் டிஸ்க்ளேவியர், ஸ்டைன்வேயின் ஸ்பிரியோ போன்றவை தொழிற்சாலையிலேயே இயந்திரத்தோடு வருபவை. ஸ்பிரியோ 2015-இல் அறிமுகமானது. விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். இருக்கும் பியானோவில் பொருத்தித்தரும் கருவிகளை பியானோடிஸ்க், கியூஆர்எஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. பொருத்துகூலியோடு சேர்த்து அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர், வசதிகளைக் கூட்டினால் பத்தாயிரம் டாலர் வரை போகும். "நான் கட்டினால் இதில் கால்வாசியில் முடித்துவிடுவேன்" என்று தோன்றும். முடியும், உங்கள் உழைப்புக்குக் கூலி போடாவிட்டால். இதைத் தொழிலாக்கி விற்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசிப்பது நல்லது.

இரண்டு, பழைய பியானோலாவை வாங்கிப் புதுப்பிப்பது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓடாத பியானோலாக்களை "எடுத்துப்போனால் போதும்" என்று இலவசமாகவே தருகிறார்கள். முழுமையாகப் புதுப்பிக்கத் தொழில்முறை ஆட்களிடம் கொடுத்தால் பியானோவின் சந்தை விலையைவிடச் செலவு அதிகம்.

மூன்று, காற்று முறையில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது.

நான்கு, வோட்டியின் பழைய யோசனையை மின்காந்தத்தில் செய்வது. அதாவது, பியானோவின் முன் நிற்கும் ஒரு பெட்டி. பியானோவில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் வெல்டே நிறுவனமும் தன் பதிவுகளை வாசிக்க இப்படியொரு முன்பெட்டியைச் செய்தது; ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) ஒட்டிய 80 விரல்கள் அதில் இருந்தன.

புதியவர்களுக்கு நான் சொல்வது நான்காவது வழியைத்தான். சொலினாய்டுகளைக் கட்டைகளுக்கு அடியில் வைத்தால் அழகாக இருக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஆனால், அதற்குப் பியானோவின் அடித்தளப் பலகையில் நீளமாகக் காடி வெட்ட வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொரு சிக்கல், அளவு. கட்டைகளின் பின்முனையில் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறத்தாழ 13.7 மில்லிமீட்டர்தான். அதைவிட அகலமான சொலினாய்டு என்றால் இரண்டு மூன்று வரிசையாக மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். முன்பக்கமாக வந்தால் வெள்ளைக் கட்டைகளின் இடைவெளி 23.5 மில்லிமீட்டர், கறுப்புக் கட்டைகளுக்கு அதன் பின்னால் தனி வரிசை. தாராளமாக இடம் இருக்கிறது.

பியானோ தகுதியானதா என்று பாருங்கள்

எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முடிந்தவரை மெதுவாக அழுத்துங்கள். கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். கடைசி ஓரிரு மில்லிமீட்டருக்கு முன் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் பொறி சுத்தியலை விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு சுத்தியல் தன் வேகத்தில் தானே பறந்துபோய்த் தந்தியைத் தொட வேண்டும். வேகம் போதாவிட்டால் கட்டை முழுதும் இறங்கும், ஒலி வராது. மெல்லிசை இந்த விளிம்பில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் இந்தத் தடை வெவ்வேறு ஆழத்தில் தட்டுப்பட்டால், இயந்திரம் எதையும் சரிசெய்யப் போவதில்லை. முதலில் பியானோ மெக்கானிக்கை அழைத்துப் பொறியைச் சீர்செய்து, சுருதி கூட்டிவிடுங்கள். கடலோர ஊர்களில் ஈரத்தால் கட்டைகளின் ஃபெல்ட் உப்பி, கட்டை மந்தமாகும். மனித விரல் அதைத் தானாகச் சமாளித்துக்கொள்ளும், சொலினாய்டு சமாளிக்காது.

ஒரு ஸ்தாயி மட்டும்

88-க்கு முன் 12. நடு ஸ்தாயிக்கு ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. இதில் தேறினால்தான் அடுத்த செலவு. இந்த மாதிரிக்கு ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் திட்டத்தையும் கைவிட நேர்ந்தால் இழப்பு அவ்வளவோடு போகும்.

வாங்க வேண்டியது: 24 வோல்ட்டில் இயங்கும், குறைந்தது 10 மில்லிமீட்டர் நகரும் தள்ளு வகைச் சொலினாய்டுகள். தடை இல்லாமல் மெல்ல அழுத்தினால், ஒரு கட்டையை இறக்க 50 கிராம் எடை போதும். உரத்து ஒலிக்க அழுத்தும்போது அது பல மடங்காகி 10 நியூட்டனைத் தாண்டும். விற்பவர்கள் அட்டையில் எழுதும் விசை, தண்டு ஏறத்தாழ முழுதும் உள்ளே போன நிலையில் அளந்தது. உங்களுக்கு வேண்டியதோ தொடக்க நிலையில் உள்ள விசை, அது அதில் ஒரு சிறு பங்குதான். அட்டையில் விசைக்கும் தூரத்துக்கும் வரைபடம் இல்லாத சொலினாய்டை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றை வாங்கி, சமையலறைத் தராசின் மேல் நிறுத்தி நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பலரும் எதிர்பார்க்காத ஒரு சங்கடம் இந்த முன்பெட்டி முறையில் உண்டு. சொலினாய்டு மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளுகிறது. மின்சாரம் இல்லாதபோதும் அதன் இரும்புத் தண்டு தன் எடையோடு கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டு 40 கிராம் என்றால், 50 கிராமில் இறங்கும் கட்டை ஏற்கெனவே பாதி மயக்கத்தில் இருக்கிறது. விட்டாலும் சுறுசுறுப்பாக எழாது. ஆகவே தண்டைத் தூக்கிப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் கட்டாயம். ஸ்பிரிங் கடினமாகிவிட்டால் தொடக்க விசை முழுவதையும் அதுவே தின்றுவிடும். கடையில் கிடைக்கும் மிக மெல்லியதில் தொடங்கி, தண்டு தானாக மேலே போகும் முதல் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டின் நுனியில் ஃபெல்ட் ஒட்டுங்கள். தண்டு முடிவில் மோதும் இரண்டு இடங்களிலும் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் "டொக்" என்று ஒரு துணைச்சத்தம் வரும். பதினாறு சுரங்கள் ஓடினால் தட்டச்சுக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெட்டியின் சட்டம் பியானோவின் மேல் சாயக் கூடாது, தன் சொந்தக் கால்களில் ரப்பர் பட்டையோடு நிற்க வேண்டும். பியானோவின் உடலைத் தொட்டால் அந்தச் சத்தத்தை ஒலிப்பலகை வாங்கிப் பெரிதாக்கிக் காட்டும்.

மின்சாரமும் சூடும்

ஒவ்வொரு சொலினாய்டுக்கும் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது). கட்டளை கொடுப்பது ஆர்டுயினோ வகைச் சிறு கணினி. 24 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் இழுக்கும் சொலினாய்டு ஏறத்தாழ 29 வாட். பத்து விரல் ஒரே நேரத்தில் என்றால் 290 வாட். 88-உம் ஒன்றாக இயங்கினால் 2,500 வாட்டுக்கு மேல். அப்படி எந்தப் பாட்டும் கேட்காது, ஆனால் மென்பொருளில் ஒரு பிழை கேட்கும். ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் இயங்கக் கூடாது என்ற வரம்பை நிரலில் எழுதுங்கள், ஃபியூசையும் அதற்கேற்பப் போடுங்கள்.

கட்டை இறங்கியபின் அதைப் பிடித்து வைக்க முழு மின்னோட்டம் தேவையில்லை. கால்பங்காகக் குறைத்தால் சூடு பதினாறில் ஒரு பங்காகிவிடும், ஏனெனில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் குறைக்கும்போது அந்த வெட்டும் வேகம் நொடிக்கு 20,000-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் சொலினாய்டு கொசு மாதிரி பாடும்.

டையோடு பற்றி ஒரு சொல். சுருளுக்குக் குறுக்கே சாதாரண டையோடு ஒன்றைப் போட்டால், அணைக்கும் கணத்தில் சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்திலிருந்து மாஸ்ஃபெட் பிழைக்கும், ஆனால் மின்னோட்டம் மெதுவாகத்தான் வடியும். தண்டு விடத் தாமதமாகும். ஒரே சுரம் வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் குழைந்துபோகும். டையோடோடு தொடராக ஜீனர் என்ற இன்னொரு வகை டையோடைச் சேர்த்தால் வேகம் கூடும். சில ரூபாய் செலவில் இவ்வளவு பலன் இந்தத் திட்டத்தில் வேறெங்கும் கிடைக்காது.

இனி, ஐந்தாவது பாட்டின் விவகாரம். செம்புக்கம்பி சூடேறினால் அதன் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். சுருள் 40 டிகிரி ஏறினால் தடை கிட்டத்தட்ட 16 சதவீதம் அதிகம். அதே வோல்ட்டில் மின்னோட்டம் குறைகிறது, விசை அதைவிட வேகமாகக் குறைகிறது. முதல் பாட்டில் அழகாக ஒலித்த மெல்லிய சுரங்கள் ஐந்தாவது பாட்டில் காணாமல் போவது இதனால்தான். விலை கூடிய தீர்வு, மின்னோட்டத்தையே அளந்து நிலையாக வைக்கும் சுற்று. மலிவான தீர்வு, பெரிய சொலினாய்டை எடுத்து அதன் சக்தியில் பாதியை மட்டும் பயன்படுத்துவது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எடை கூடும், தலைவலி குறையும்.

பாதுகாப்பைச் சிக்கனம் செய்யாதீர்கள். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். சுருள் அணையாமல் எரியும், பக்கத்தில் இருப்பதோ மரமும் ஃபெல்ட்டும். சுருள் தொகுப்புக்கு ஒரு வெப்ப ஃபியூஸ், சிறு கணினி உறைந்துவிட்டால் எல்லாவற்றையும் அணைக்கும் கண்காணிப்பு நேரங்காட்டி, கைக்கெட்டும் தூரத்தில் பெரிய சிவப்புச் சுவிட்ச். ஆள் இல்லாத அறையில் ஓட விடக் கூடாது.

மெல்ல வாசிக்கக் கற்றுக்கொடுத்தல்

இசைக் கட்டளைகள் மிடி வடிவத்தில் வருகின்றன. 1983-இல் வந்த இந்த முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஒரு வேக எண் உண்டு. அந்த எண்ணை எத்தனை மில்லிநொடி, எவ்வளவு மின்சாரம் என்று மாற்றுவது உங்கள் பொறுப்பு. எல்லாக் கட்டைக்கும் ஒரே சூத்திரம் உதவாது. அடிமந்தரத்தில் சுத்தியல்கள் கனமானவை, உச்சத்தில் இலேசானவை; போதாததற்கு ஒவ்வொரு சொலினாய்டும் தன் சுபாவத்தோடு பிறக்கிறது.

செய்முறை இதுதான். ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்துடிப்பை மிகச் சிறியதிலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள். முதன்முதலில் ஒலி வரும் அளவைக் குறித்து, அதே அளவில் இருபது முறை தட்ட வையுங்கள். இருபதும் ஒலிக்கும்வரை சற்றே ஏற்றுங்கள். அதுதான் அந்தக் கட்டையின் மிக மெல்லிய அளவு. பிறகு காதுக்கு நடுத்தரம், உரத்தது என்று மூன்று நான்கு புள்ளிகள். இடையில் உள்ளதைக் கணினி நிரப்பிக்கொள்ளும். சாவகாசமாக, இரவில், மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்த சிக்கல், நேரம். மெல்ல இறங்கும் கட்டை தந்தியைச் சென்றடைய அதிக நேரம் எடுக்கும், வேகமாக இறங்குவது சீக்கிரம் போய்விடும். இருவகைக் கட்டளையையும் ஒரே கணத்தில் கொடுத்தால் உரத்த சுரம் முந்தி, மெல்லிய சுரம் பின்தங்கி, தாளம் நொண்டும். யமஹாவின் இயந்திரம் இதற்காகவே மொத்த இசையையும் அரை நொடி தள்ளி வாசிக்கிறது. மெல்லிய சுரத்துக்குச் சீக்கிரமாகவும் உரத்ததற்குத் தாமதமாகவும் கட்டளை கொடுக்க அந்த அரை நொடி அவகாசம் தருகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏற்கெனவே பதிவான இசையை வாசிக்கும்போது அரை நொடித் தாமதம் எவருக்கும் தெரியாது.

சுரங்களை நீட்டி ஒலிக்கவிடும் வலப்பக்கப் பெடலை மறந்துவிட்டு 88 விரல்களைக் கட்டி முடித்தவர்களை எனக்குத் தெரியும். பெடலை அழுத்த மூன்று நான்கு கிலோ விசை வேண்டும். சொலினாய்டு இதற்கு முரடு. கியர் வைத்த சிறு மோட்டாரும் நெம்புகோலும் அமைதியாக வேலை செய்யும். பெடல் இல்லாமல் வாசித்தால், ஷோப்பேன் என்ற இசையமைப்பாளரின் பியானோ இசை எலும்புக்கூடுதான்.

கணக்கு

இன்றைய சில்லறை விலைகளை வைத்து நான் போடும் தோராயக் கணக்கு இது. ஒன்று 500 ரூபாய் வீதம் சொலினாய்டுகள் 44,000. மாஸ்ஃபெட், டையோடு, பலகை, இணைப்பிகள் எல்லாம் சேர்த்து 10,000. பவர் சப்ளையும் பாதுகாப்புச் சாமான்களும் 8,000. அலுமினியச் சட்டம், லேசர் வெட்டு, ஃபெல்ட், ஸ்பிரிங் 20,000 வரை. பெடல் பொறி 4,000. கெட்டுப்போகும், தவறாக வெட்டப்படும் பொருட்களுக்கு இதில் கால்பங்கு. ஆக ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். இது பாட்டு வாசிக்கும், மெல்லிசையில் தடுமாறும் இயந்திரம். மெல்லிசையும் வேண்டுமென்றால் சொலினாய்டு ஒன்றுக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரி மட்டுமே இரண்டு லட்சத்தை எட்டிவிடும்.

நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறும். ஒரு விரலுக்குப் பொருத்தவும் கம்பியிழுக்கவும் அளவு திருத்தவும் ஒன்றரை மணி நேரம் என்றாலே 130 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்குப் போகிறவர்களின் வார இறுதிகளில் அது அரை ஆண்டு.

காற்று முறையில்தான் செய்வேன் என்பவர்களுக்கு

உங்கள் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. பெடலை மிதிப்பவரின் கால் அழுத்தத்துக்கு ஏற்ப இசை ஏறி இறங்குவது மின்காந்தத்தில் கிடைக்காத சுகம்.

விசைக் கணக்கு சரியாகத்தான் வரும். 115 மில்லிமீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு துருத்தியில் நீரை 10 அங்குலம் உயர்த்தும் அளவு உறிஞ்சுவிசை கொடுத்தால் மொத்தம் 9 நியூட்டன். ஒருபக்கம் கீல் என்பதால் நுனியில் அதில் பாதி. சுத்தியல் பொறியை நேரடியாகத் தள்ள அது போதும். பம்ப்புக்கு ஒரு வாக்குவம் கிளீனர் மோட்டாரை வேறு அறையில் வைத்துக் குழாய் இழுக்கலாம். வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுங்கள், அதன் முழு பலம் இதற்கு மிக அதிகம். துளைப்பட்டையின் துளைகள் 2.82 மில்லிமீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் வர வேண்டும். கைத்துரப்பணம் உதவாது, கணினி வழிநடத்தும் சிஎன்சி இயந்திரம் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

கூலிதான் ஆளைக் கொல்லும். 88 துருத்தி, 88 தோல் வட்டம், 88 வால்வு, 88 கசிவுத் துளை. தோல் வட்டத்தை ஒட்டும்போது அதில் சரியான தொய்வு விட வேண்டும். இறுக்கினால் வால்வைத் தூக்காது, தொய்வு மிஞ்சினால் வால்வை விடாது. ஒவ்வொன்றையும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்ப்பது பழைய வழக்கம்: நாக்கு குழாயில் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று கசியவில்லை. துருத்தித் துணிக்கு வேண்டிய மெல்லிய ரப்பர் பூசிய பருத்தித் துணி, வெளிநாட்டுப் பியானோ உதிரிபாகக் கடைகளிலிருந்து வரவழைக்க வேண்டும். மரத்துக்கு வஜ்ஜிரம், அதாவது சூடாக்கிப் பூசும் விலங்குப் பசை. வெள்ளைப் பசையால் ஒட்டினால் இருபது ஆண்டு கழித்துப் புதுப்பிக்க வருபவர் உங்களைச் சபிப்பார். துணியைப் பிரிக்க மரத்தையே பிய்க்க வேண்டியிருக்கும்.

விரலுக்கு மூன்று மணி நேரம் என்றால் 264 மணி. அதோடு பம்ப், உருள் இழுக்கும் மோட்டார், அழுத்தக் கட்டுப்பாடு எல்லாம் தனி. ஒரே ஒரு இயந்திரத்தை ஆசைக்குச் செய்வது சாத்தியம். பத்து செய்து விற்பது தற்கொலை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பழைய பியானோலா ஒன்றின் துருத்திகளைப் புதுப்பித்துவிட்டு, காகிதத்துக்குப் பதிலாகப் பட்டைக்குப் போகும் ஒவ்வொரு குழாயிலும் சிறு மின்வால்வு ஒன்றைப் பொருத்துவது. காற்றைத் திறப்பது மட்டுமே அதன் வேலை, கனமான வேலையெல்லாம் துருத்தியுடையது. ஆகவே மின்வால்வு மிகச் சிறியதாக இருக்கலாம், சூடும் இல்லை. உருளையும் கழற்ற வேண்டியதில்லை, இரண்டிலும் வாசிக்கலாம்.

என்ன வாசிக்க?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பழைய காகித உருள்களைப் படமெடுத்து, மிடியாக மாற்றி வெளியிட்டு வருகிறது. நூறாண்டுக்கு முந்தைய கலைஞர்கள் வாசித்துப் பதிந்த உருள்கள் அதில் உண்டு. பியானோவைத் தொட்டே பார்க்காமல் கணினியில் பென்சிலால் வரைந்ததுபோல் இருக்கும் மிடி கோப்புகளும் இணையத்தில் குவிந்துகிடக்கின்றன. அவற்றில் வேக எண்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்கும், உங்கள் அத்தனை உழைப்பும் தெரியாமல் போகும். கர்நாடக சங்கீதம் போட்டுப் பார்க்க ஆசை வரும். சுரங்கள் வரும், கமகம் வராது.

பொது இடத்தில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் உரிமை விவகாரத்தையும் பாருங்கள். காகித உருள் என்பது இசைத்தாளின் நகல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. மனிதக் கண்ணால் அதைப் படிக்க முடியாது என்பது வாதம். அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றி, உருள் ஒன்றுக்கு 2 சென்ட் இசையமைப்பாளருக்குத் தர வேண்டும் என்றார்கள். இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை தொடர்கிறது. பாக் (Bach), ஷோப்பேன் போன்ற பழைய இசையமைப்பாளர்கள் தொல்லை தர மாட்டார்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியபின், முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். அதிர்வில் திருகுகள் தளரும். வாரம் ஒருமுறை இறுக்குங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் குறித்த மின்துடிப்பு அளவுகளை மாத இறுதியில் மறுபடி எடுங்கள், ஃபெல்ட் அமுங்கியிருக்கும். இயந்திரம் சலிக்காமல் தட்டுவதால் பியானோவின் சுருதியும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். சுருதி கூட்ட வருபவருக்கு உங்கள் பெட்டி இடைஞ்சல் என்பதால் அதன் கால்களில் பூட்டும் சக்கரம் வையுங்கள். பழைய இடத்துக்கே திரும்பி வர, தரையோடு பொருந்தும் இரண்டு முளைகளும் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கறுப்புக் கட்டையின் விரல் பக்கத்து வெள்ளையை உரசும்.